பாதாமி சிட்லபடி பாதை: போய்வந்தவங்க சொல்லுங்களேன்

பெங்களூரு மக்களே, டிசம்பர்ல குடும்பத்தோட வட கர்நாடகாவுல இருக்கிற பாதாமிக்குப் போறோம். குகைக்கோயில், வடக்குக் கோட்டை ரெண்டும் படிக்கட்டு வழிதான், சமாளிச்சுக்கலாம். சந்தேகம் சிட்லபடியில, அதாவது ஊருக்கு வெளிய ஆதிமனிதர் பாறை ஓவியம் இருக்கிற இடத்துல. அந்த மணற்கல் வளைவு வரைக்கும் 8 வயசுப் பையனும் 60 தாண்டின மாமியாரும் நடப்பாங்களா? வழிகாட்டிக் குறி இருக்கா, உள்ளூர் ஆள் துணை வேணுமா?

சரிவுப் பாறையில உதிர்ந்து கிடக்கிற மணல்தான் கவலை. காய்ஞ்சிருந்தாலும் வழுக்கும், அதனால ரப்பர் அடி ஷூ, செருப்பு கூடாது. மழை பெஞ்சா ரத்து. ஈரத்துல மணற்கல் பலம் இழந்துடும், பிடிச்ச விளிம்பே கையோட வந்துடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி, காலை 6.30-க்குக் கிளம்பறதா உத்தேசம். தின்பண்டம் மூடின பைக்குள்ள. கையில கவர் தெரிஞ்சா குரங்கு விடாது.

கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் ரயில்ல வந்து பாதாமி ஸ்டேஷன்ல இறங்கினா ஊருக்கு 5 கி.மீ. ஆட்டோ எவ்வளவு கேக்கறாங்க இப்ப?