செவிலியர் பணிவாழ்வுத் தரம்: 3 கேள்விகளில் சிக்கல்

வணக்கம். மதுரையில் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வார்டு செவிலியர்களின் பணிவாழ்வுத் தரத்தை அளக்க, புரூக்ஸ் உருவாக்கிய 42 கேள்விப் படிவத்தைத் தமிழாக்கினேன். ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண், மொத்தம் 42 முதல் 252 வரை.

30 பேரிடம் முன்னோட்டம் முடிந்தது. வீடு-வேலை பகுதியில் மட்டும் குரோன்பாக் ஆல்ஃபா (ஒரு பகுதியின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் அளவு) 0.5-ஐத் தாண்டவில்லை. மற்ற மூன்று பகுதிகளும் சரியாக இருக்கின்றன.

எதிர்மறைக் கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டேன். ஆங்கிலத்துக்கு மறுபடி பெயர்த்து ஒப்பிட்டேன். தரவையும் இருமுறை சரிபார்த்தேன். மாற்றமில்லை.

என் சந்தேகம், மருத்துவமனையிலேயே குழந்தைக் காப்பகம், நோயுற்ற குழந்தைக்கான கவனிப்பு, முதியோர் பகல்நேரப் பராமரிப்பு பற்றிய மூன்று கேள்விகள்மேல்தான். அவை 'இது முக்கியமா' என்றுதான் கேட்கின்றன, 'கிடைக்கிறதா' என்று கேட்பதில்லை. நைட் டியூட்டி முடித்துச் சோர்ந்துபோன அக்கா ஒருவர் காப்பகத்துக்கு 6 போட்டார். அது அவருடைய தவிப்பு, ஆனால் கணக்கில் நல்ல பணிவாழ்வாக ஏறுகிறது. திருமணமாகாதவர்கள் பலர் காலியாகவே விட்டார்கள்.

அடுத்த மாதம் முழுக் கணக்கெடுப்பு. இந்த மூன்றையும் மொத்த மதிப்பெண்ணில் சேர்க்காமல் தனியாக அறிக்கையிடலாமா?