கப்பல் சாமான் எப்படி உங்க கைக்கு வந்துச்சு, சொல்லுங்க

நான் பாண்டி முத்தியால்பேட்டை. பழைய பயணிகள் கப்பல் சாமான் பதினஞ்சு வருஷமா சேர்க்கறேன். மொதல்ல வாங்கின பெட்டியையே பாழாக்கிட்டேன், அதச் சொல்றேன், வேற யாரும் செஞ்சிடக்கூடாது.

ஒரு காயலாங்கடையில கெடந்துச்சு, நல்ல நீளம் ஆனா உயரம் ஒரு அடிக்கு கொஞ்சம் மேல, மரச்சட்டம் அடிச்ச பெட்டி, மேல கிழிஞ்ச காயிதம் ஒட்டியிருந்துச்சு. வீட்டுக்கு தூக்கிட்டு வந்து வெந்நீர் ஊத்தி காயிதத்தெல்லாம் சுரண்டிட்டு வார்னிஷ் அடிச்சேன். பக்கத்து வீட்டு ஆயா வியட்நாம் சைகோன்ல வளந்தவங்க, பாத்த ஒடனே "ஏம்பா இது கப்பல் பெட்டியாச்சே, பெர்த்துக்கு அடியில தள்றதுக்குத்தான் இவ்ளோ குட்டையா செய்வாங்க, மேல சீட்டு ஒட்டியிருக்குமே, எங்க?"ன்னு கேட்டாங்க. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. யாரு பெட்டி, எந்த கப்பல், எந்த ஊர்ல எறங்கினாங்க, எல்லாம் அந்த காயிதத்துலதான் இருந்திருக்கும்.

அப்புறம் ஆயாவே உக்காந்து சொன்னாங்க. பாண்டியில பெரிய கப்பல் கரைக்கு வராதாம், நடுக்கடல்ல நங்கூரம் போட்டு நிக்கும், அங்கேந்து சலங்குங்கற படகுலதான் ஆளும் பெட்டியும் கடலுக்குள்ள நீட்டிக் கட்டின எறங்குபாலத்துக்கு வரணும், அலையில சலங்கு ஏறி எறங்கறப்ப அவங்கம்மா கண்ண மூடிக்கிட்டு மாதாவ கூப்பிடுவாங்களாம். அந்த பழைய பாலம் 1952 புயல்ல போயிடுச்சு, காந்தி சிலைப் பக்கம் கடலுக்குள்ள கம்பங்க மட்டும் இன்னும் தெரியுது, நான் அங்க போறப்பல்லாம் பாத்துட்டுத்தான் வருவேன்.

அந்தக் காலத்துல இந்தப் பக்கம் ஓடினது மெசாஜெரி மாரிதீம்ங்கற பிரெஞ்சு கம்பெனி கப்பலுங்க. வெள்ளைக் கொடி, நாலு மூலையும் செவப்பு, நடுவுல எம் எம்னு ரெண்டு எழுத்து, சின்னம் ஒத்தைக்கொம்பு குதிரை. ஸ்பூன், தட்டு எது கெடைச்சாலும் மொதல்ல அத தேடுங்க. மேஜைன்னா ஓரத்துல தட்டு நழுவாம இருக்க சின்ன வரம்பு இருக்கான்னு பாருங்க, நாற்காலின்னா சீட்டுக்கு அடியில தரையோட மாட்டற கொக்கியோ அதுக்கான ஓட்டையோ இருக்கும். டைட்டானிக் பேரும் 1912ம் பொறிச்ச பித்தளை திசைகாட்டி விக்கறாங்களே, அது போலி, அதுக்கு காசு குடுக்காதீங்க.

*

அண்ணே நான் கடலூர் ஓ.டி., அதான் பழைய டவுன். நீங்க எழுதினத படிச்சுட்டு ஒடனே எழுந்து போய் சமையக்கட்டு டிராயர தொறந்தேன். எங்க பெரியப்பா சிதம்பரம் கப்பல்ல பேன்ட்ரியில வேலை பாத்தவரு, மெட்ராஸ் சிங்கப்பூர் லைன். அவரு குடுத்த முள்கரண்டி ஒண்ணு இருக்கு, பிடியில எம் எம்னு பொறிச்சிருக்கு. யாரோ ஒரு ஆளோட இனிஷியல்னே இத்தனை வருஷமா நெனச்சிட்டிருந்தோம். இந்திய கப்பல்ல பிரெஞ்சு கம்பெனி முள்கரண்டி எப்படிண்ணே வந்துச்சு?

*

தம்பி, படிச்சதும் சிலிர்த்துடுச்சு. சிதம்பரம் மொதல்ல நம்ம கப்பலே இல்ல. 1966ல மெசாஜெரி மாரிதீம் தண்ணியில எறக்கின பாஸ்தர் கப்பல்தான் அது, தென் அமெரிக்கா பக்கம் ஓடிட்டிருந்தத 70கள்ல நம்ம அரசாங்க ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி பேர மாத்தி, ராஜுலாங்கற பழைய கப்பல் ஓடின மெட்ராஸ் சிங்கப்பூர் ரூட்டுல விட்டாங்க. 1985 பிப்ரவரியில நடுக்கடல்ல தீப்பிடிச்சு நெறைய பேரு போயிட்டாங்க, கப்பலையும் அதோட ஒடச்சுட்டாங்க. அதனால அதுல இருந்த சாமான்ல நல்லபடியா நம்ம கைக்கு வந்து சேந்தது ரொம்ப கம்மிதான் இருக்கும். பெரியப்பா இருக்காரா? இருந்தா எந்த வருஷம் ஏறினாரு, முதல் வகுப்பு சாப்பாட்டு ஹால்ல எடுத்ததா வேற எங்கயாவதான்னு கேட்டு ஒரு துண்டு காயிதத்துல எழுதி முள்கரண்டியோடவே வைங்க. வெள்ளி முலாமா இருந்தா புளி, சாம்பல் எதுவும் போட்டு தேய்க்காதீங்க, மெல்லிசு துணியால தொடச்சா போதும். ஞாயித்துக்கிழமை நான் ஓ.டி. வரேன், விலை பேச இல்ல, கையில எடுத்து ஒரு தடவ பாக்கணும்.