துபாயில் பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை: இங்கிருந்து நான் என்ன செய்யணும்?

வண்ணாரப்பேட்டை தாத்தா

மகனும் மருமகளும் துபாயில் வேலை செய்கிறார்கள். இருவருக்கும் இந்திய பாஸ்போர்ட், தனித்தனி கம்பெனி விசா. அடுத்த மாதம் அங்கேயே பிரசவம். திருவொற்றியூரில் கல்யாணம் நடந்தது; சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அசல் சான்றிதழ் பழைய வண்ணாரப்பேட்டையில் என்னிடம்தான் இருக்கிறது. அதில் மகன் பெயர் இனிஷியலோடு உள்ளது. பாஸ்போர்ட்டில் என் பெயர் முழுதாக சர்நேம் கட்டத்தில் இருக்கிறது.

அப்பா அம்மா இந்தியர் என்றால் பிள்ளையும் தானாக இந்தியர்தானே? தனியாகப் பதியணுமா? தெரிந்தவர் ஒருவர், "வண்ணாரப்பேட்டையில் வீட்டுப் பிரசவம் என்று எழுதி மாநகராட்சி சான்றிதழே வாங்கித் தருகிறேன்" என்கிறார். அது சரிவருமா?

ராயபுரம் ரவுண்டானா

ஐயா, தானாக வராது. 1955 குடியுரிமைச் சட்டம் 4-ம் பிரிவுப்படி, குழந்தை பிறக்கும்போது தாய், தகப்பன் இருவரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலே வம்சாவளியில் உரிமை உண்டு. ஆனால் 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு அந்த உரிமை நிலைக்க, பிறந்த ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதியணும். வேறு நாட்டு பாஸ்போர்ட் குழந்தையிடம் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழியும் தரணும். அமீரகத்தில் பிறந்தது என்பதற்காகவே அந்நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிடாது. ஆக, பதியும் வரை பிள்ளைக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் கிடையாது.

ஒரு வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பிறந்த 120 நாளுக்குள் குழந்தைக்கு அமீரக ரெசிடென்ஸ் விசா எடுக்கணும், தவறினால் அபராதம். விசாவுக்கு பாஸ்போர்ட் வேணும், பாஸ்போர்ட்டுக்குத் தூதரகப் பதிவு வேணும். அதனால் முதல் மாதத்திலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

வீட்டுப் பிரசவ யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். மருமகள் அந்தத் தேதியில் எங்கே இருந்தார் என்பதை அவருடைய பாஸ்போர்ட் முத்திரையே சொல்லிவிடும். பொய்த் தகவல் கொடுத்து பாஸ்போர்ட் வாங்கினால் 1967 பாஸ்போர்ட் சட்டம் 12-ம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாஸ்போர்ட்டையும் ரத்து செய்யலாம். நேர்வழியில் கிடைக்கிற உரிமையைப் பொய்யால் கெடுத்துவிட்டால், பின்னாளில் அல்லாடப்போவது அந்தப் பிள்ளைதான்.

குடும்பம் இங்கேயே குடியேற வந்தால் மட்டும் 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 20-ம் பிரிவில் வழி இருக்கிறது. குழந்தை இந்தியா வந்த 60 நாளுக்குள் இங்கே பதியலாம். அப்போதும் பிறந்த இடம் துபாய் என்றுதான் இருக்கும். உங்கள் நிலைமைக்கு அது தேவைப்படாது. தூதரகம் தரும் பிறப்புச் சான்றிதழே போதும்.

தங்கசாலைத் தெரு

தாத்தா, இங்கிருந்து நீங்கள் செய்யவேண்டிய வேலை அந்தக் கல்யாணச் சான்றிதழில்தான் இருக்கிறது. கணவன் விசாவில் மனைவி போயிருந்தால் அப்போதே அதற்கு அட்டஸ்டேஷன் (அசல்தான் என்று அரசு அலுவலகங்கள் போடும் சான்றொப்பம்) முடிந்திருக்கும். இருவரும் தனித்தனி விசா என்பதால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் போடும்போது அங்கே கேட்பார்கள்.

ஒரு நாட்டின் ஒரே முத்திரையை மற்ற நாடுகளும் ஏற்கும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் அமீரகம் இல்லாததால் இங்கே ஒரே முத்திரையில் முடியாது. முதலில் தமிழ்நாடு அரசின் சான்றொப்பம், அடுத்து மத்திய வெளியுறவு அமைச்சகம், பிறகு இங்குள்ள அமீரகத் தூதரகம், கடைசியாக துபாயில் அவர்கள் வெளியுறவு அமைச்சகம். வரிசை மாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜெராக்ஸில் முத்திரை விழாது, அசல்தான் போகணும். எனவே கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிஷியல் விஷயம்: சான்றிதழில் 'செ. குமார்', பாஸ்போர்ட்டில் 'குமார் செல்வம்' என்றிருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஓர் அஃபிடவிட் எழுதி வைப்பது நல்லது. கையெழுத்துப் போடவேண்டியவர் மகன், நீங்கள் அல்ல. எழுத்துப்பிழையே இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் திருத்தணும்.

காசிமேடு வாசகி

குழந்தையின் பெயரைப் பற்றிச் சொல்கிறேன், அதிகம் சிக்குவது இதில்தான். நம் ஊர்ப் பழக்கத்தில் ஒற்றைப் பெயர் வைத்து இனிஷியலை விட்டுவிடாதீர்கள். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு சொல்லாகப் பெயர் இருந்தால் அமீரக விசிட் விசாவில் உள்ளே விடுவதில்லை என்று விதி வந்தது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்பதாகத் தளர்த்தினார்கள். எதற்கு வம்பு? குழந்தை பெயர் ஒரு கட்டத்தில், அப்பா பெயர் சர்நேம் கட்டத்தில் என்று ஆஸ்பத்திரிப் படிவத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அங்கே எழுதியதுதான் பிறப்புச் சான்றிதழுக்கும், அதிலிருந்து பாஸ்போர்ட்டுக்கும் போகும். சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுன்டரை விட்டு நகராமல் அப்பா, அம்மா, குழந்தை மூன்று பேர் எழுத்தையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கணும்.

போட்டோவுக்கு வெள்ளை விரிப்பில் படுக்கவைத்து நேர் மேலிருந்து எடுக்கணும். கண் திறந்திருக்கணும், தாங்கிப் பிடிக்கிற கை தெரியக்கூடாது, காதோரம் நிழல் விழக்கூடாது. படிவத்தில் ஆண் குழந்தைக்கு இடது கட்டைவிரல், பெண் குழந்தைக்கு வலது கட்டைவிரல் ரேகை. பச்சைக்குழந்தை விரலை மூடிக்கொண்டேதான் இருக்கும். பால் குடித்துத் தூங்கும்போது மெதுவாகப் பிரித்து, மை கொஞ்சமாகத் தொட்டு, கட்டத்தின் கோட்டில் படாமல் ஒற்றினால் போதும். முதலில் வேறு தாளில் இரண்டு முறை ஒற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். உறுதிமொழியில் அப்பா அம்மா இருவரும் கையெழுத்துப் போடணும்.

வியாசர்பாடி மருமகன்

குறுக்கே ஒரு கேள்வி. சிங்கப்பூரில் பிறந்த குழந்தை, 14 மாதம் ஆகிவிட்டது, தூதரகத்தில் பதியவில்லை. கதவு மூடிவிட்டதா?

ராயபுரம் ரவுண்டானா

மூடவில்லை தம்பி. ஒரு வருடம் தாண்டினால் மத்திய அரசின் அனுமதியோடு பதியலாம் என்று அதே 4-ம் பிரிவு சொல்கிறது. சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில்தான் கொடுக்கணும். அங்கிருந்து டெல்லி உள்துறை அமைச்சகத்துக்குப் போய் வரும். ஏன் தாமதம் என்று தேதி போட்டு, கையில் உள்ள ஆதாரத்தோடு எழுதுங்கள். 'தெரியாமல் விட்டுவிட்டோம்' என்பதே உண்மை என்றால் அதையே எழுதுங்கள். பெற்றோர் சிங்கப்பூர் குடிமக்கள் இல்லையென்றால், பிறந்தபோது குழந்தை அந்நாட்டுக் குடிமகன் அல்ல என்று அவர்கள் பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கும். அந்த வரி உங்களுக்குத் துணை.

அமெரிக்கா என்றால் கதை வேறு. அங்கே மண்ணில் பிறந்தாலே குடியுரிமை. அந்த பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டால் இந்தியப் பதிவுக்கு உறுதிமொழி தர முடியாது, இந்திய வம்சாவளி வெளிநாட்டினருக்குத் தரும் ஓசிஐ அட்டைதான்.

வண்ணாரப்பேட்டை தாத்தா

ரொம்ப நன்றி. ஒரு சிக்கல்: சான்றிதழை பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் போட்டுவிட்டேன்.

தங்கசாலைத் தெரு

அதில் முத்திரை குத்த முடியாது தாத்தா. பிளாஸ்டிக்கை உரிக்கப் போகாதீர்கள், மையும் கூடவே வந்துவிடும். பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு எண்ணும் தேதியும் சொல்லி, கையெழுத்தும் முத்திரையும் உள்ள சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். எண் அந்த லேமினேட் போட்ட தாளிலேயே இருக்கும். திங்கள்கிழமையே போய்விடுங்கள், பிரசவத்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது.