தண்ணீர்ப் பந்தல் குழுவை நம்பி வீட்டுக்காக மாதம் 100 வெள்ளி கட்டலாமா?

பிறைக்காரி:

வணக்கம். இங்கே எழுதுவது முதல் முறை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில், பினாங்குப் பக்கம் பிறை என்ற ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 16 வருடமாக வேலை செய்கிறேன். தொழிற்சாலைப் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது நான் தூங்கிய தூக்கத்தை மட்டும் கூட்டினாலே சில மாதங்கள் தேறும். கைக்கு 2,400 வெள்ளி (ரிங்கிட்) வருகிறது. வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். அவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. நடைக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பார்கள். வாடகை 700. இரண்டு பிள்ளைகளும் தமிழ்ப் பள்ளியில் படிக்கிறார்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் எங்கள் வட்டாரத்துக் குழு பந்தல் போடும். ஒரே இரவில் இரும்புக் குழாயும் தகரமும் ஏற்றி, விடிவதற்குள் மோர்ப் பானையை வைத்துவிடுவார்கள். நானும் மூன்று வருடமாக அங்கே வெங்காயம் உரிக்கிறேன்.

போன மாதம் எங்கள் பொருளாளர் அண்ணன் ஒரு காணொளி பார்த்தார். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர், 95 வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போய், ஏழைகளுக்கு வீடு கட்டும் இடத்தில் வந்து நிற்கிறார். அன்றிலிருந்து அண்ணன் பழைய அண்ணன் இல்லை. "ஒரே ராத்திரியில் பந்தல் போடுகிற நமக்கு வீடு கட்டத் தெரியாதா?" என்று கூட்டம் போட்டுவிட்டார். திட்டம் இதுதான்: 40 குடும்பங்கள் மாதம் ஆளுக்கு 100 வெள்ளி போட வேண்டும். பணம் சேர்ந்ததும் ஒரு வீடு வாங்கிக் குலுக்கல் முறையில் ஒருவருக்குக் கொடுப்பார்கள். பிறகு அடுத்த வீடு.

அண்ணன் நல்லவர். பந்தல் கணக்கில் ஐந்து காசு குறைந்ததில்லை. ஆனால் என் அம்மா கூட்டு, அதாவது சீட்டு, போட்டு 3,000 வெள்ளியை இழந்தவர். கூட்டுப் பிடித்த அம்மாள் தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அந்த வருடம் எங்கள் வீட்டில் முறுக்கு மட்டும்தான். அதனால் குலுக்கல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அமெரிக்காவில் நடப்பது இப்படித்தானா? நான் சேரலாமா? ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

---

சுங்கை நிபோங் கணக்கன்:

அக்கா, கணக்குப் போடுவோம். 40 பேர், 100 வெள்ளி, 12 மாதம்: 48,000. பினாங்கில் அரசாங்கக் குறைந்த விலை வீட்டுக்குப் பழைய விலையான 42,000 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். ஆக ஆண்டுக்கு ஒரு வீடு. உங்கள் பெயர் கடைசிக் குலுக்கலில் வந்தால் சாவியை வாங்கப் போவது உங்கள் பேரன்.

இன்னொன்று. அந்த 42,000 வெள்ளி வீடு அரசாங்கப் பட்டியலில் பதிந்து, வருமானத் தகுதி பார்த்துத் தனி ஆளுக்குக் கொடுப்பது. பந்தல் குழுவின் பெயரில் போய் வாங்க முடியாது. வெளிச் சந்தையில் அந்த விலைக்கு மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் கிடைத்தால் பாக்கியம்.

ஆளுக்கு இவ்வளவு போட்டுக் குலுக்கிக் கொடுப்பதற்குப் பெயர் கூட்டு. 1971ஆம் ஆண்டே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஓடுங்கள்.

---

ஆயர் ஈத்தாம் தச்சன்:

தம்பியின் கணக்கு சரி. "ஓடுங்கள்" என்றதுதான் சரியில்லை.

நான் வட கரோலினாவில் படித்தவன். அங்கே பல சனிக்கிழமைகளில், அந்தக் காணொளியில் வரும் அமைப்பின் வீடுகளில் ஆணி அடித்திருக்கிறேன். மதியச் சாப்பாடு இலவசம் என்று கேள்விப்பட்டுத்தான் முதலில் போனேன்; மறைப்பானேன். பேர் ஹேபிடாட் ஃபார் ஹியுமானிட்டி. பொருளாளரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அதைத் தொடங்கியவர் கார்ட்டர் இல்லை. மில்லர்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் என்ற கணவனும் மனைவியும் 1976இல் ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்ற சிற்றூரில் தொடங்கினார்கள். கார்ட்டரின் சொந்த ஊர் அதற்குப் பக்கத்து ஊர். அவர் தொண்டராக வந்தார். 1984இல் மனைவியோடு நியூயார்க்கில் ஒரு பாழடைந்த கட்டடத்தைப் பழுதுபார்க்கப் போன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அங்கே குலுக்கல் கிடையாது. இலவசமும் கிடையாது, இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மூன்று விஷயம் பார்ப்பார்கள்: இப்போதிருக்கும் வீடு உண்மையிலேயே மோசமா, கடனை அடைக்க வருமானம் இருக்கிறதா, கூட நின்று உழைக்க மனம் இருக்கிறதா. தேறினால் லாபம் வைக்காமல் வீட்டை விற்பார்கள். மாதத் தவணை வருமானத்தில் ஏறக்குறைய 30 விழுக்காட்டைத் தாண்டாதபடி கடனை அமைப்பார்கள். அடைக்கிற பணம் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். உங்கள் பொருளாளர் திட்டத்தில் இந்த வரி விடுபட்டிருக்கிறது: வீடு கிடைத்தவர் அதன் விலையைத் திருப்பிக் கட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் முதலில் வாங்கியவருக்குப் பந்தல் பக்கம் வரக் காரணமே இருக்காது.

உழைப்பு என்றேன் இல்லையா, அது சும்மா பேச்சுக்கு இல்லை. ஊருக்கு ஊர் மாறும், இருந்தாலும் சில நூறு மணி நேரம். அதிலும் பெரும்பகுதி முதலில் மற்றவர் வீட்டில். நான் வேலை செய்த இடத்தில் மருத்துவமனைச் சமையலறையில் பாத்திரம் கழுவும் ஒரு பெண் இருந்தாள். மூன்று பிள்ளைகள். அவளுடைய வீட்டுக்கு அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே இரண்டு வீடுகளுக்குச் சுவர் நிறுத்திவிட்டாள். நான் ஆணியை வளைத்து வளைத்து அடித்ததைப் பார்த்துவிட்டு, சுத்தியலின் பிடியை நுனியில் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அவள் வீட்டின் முறை வந்தபோது, அவள் யாருக்குச் சுவர் நிறுத்தினாளோ அவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். குடிபோவதற்கு முன்பே அண்டை வீட்டார் தயார்.

அங்கே சுவர் என்றால் மரச் சட்டம். அதன் மேல் ஜிப்சம் பலகை அடித்து மூடுவதற்கு முன்னால் வந்தவர்கள் சட்டத்தில் வாழ்த்து எழுதுவார்கள். நான் தமிழில் "நன்றாக இரு தாயே" என்று எழுதினேன். என்ன எழுத்து என்று கேட்டாள், படித்துக் காட்டினேன். அது இன்னும் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறது.

இவ்வளவையும் இங்கே அப்படியே கொண்டுவர முடியுமா என்றால், முடியாது. உழைப்பு அங்கே இலவசம், நிலம் பெரும்பாலும் நன்கொடை அல்லது மலிவு, கதவு ஜன்னல் தள்ளுபடி. பழைய கதவு, கழுவுதொட்டி எல்லாம் விற்கவே அவர்களுக்குக் கடைகள் உண்டு. முதல் கடை 1991இல் கனடாவின் வின்னிபெக்கில் திறந்தது. அத்தனைக்குப் பிறகும் நன்கொடையாளர்கள் இல்லாமல் அது நடக்காது. வீடு வேண்டியவர்கள் தங்களுக்குள்ளேயே காசு போட்டு மட்டும் நடத்துவது இல்லை அது. பினாங்கிலோ நமக்குக் கிடைக்கிற வீடு பதினான்காவது மாடியில் இருக்கிறது. அங்கே சுத்தியலோடு போய் என்ன செய்ய? இருக்கிற வீட்டைப் பழுதுபார்ப்பது நடக்கும். நம் நாட்டிலேயே எபிக் ஹோம்ஸ் என்ற அமைப்பு தொண்டர்களை அழைத்துப்போய் ஓராங் அஸ்லி பழங்குடிக் குடும்பங்களுக்கு மூன்று நாளில் வீடு கட்டித் தருகிறது. நிலம் இருக்கும் இடத்தில் அது சாத்தியம்.

---

பிறைக்காரி:

அண்ணே, சுவருக்குள் தமிழ் எழுத்து இருக்கிறது என்றதைப் பஸ்ஸில் படித்தேன். பக்கத்து இருக்கைக்காரி ஏன் கண்ணைத் துடைக்கிறாய் என்று கேட்டாள், தூசு என்றேன்.

அப்படியானால் நூறு நூறாகச் சேர்ப்பதே வீணா?

---

கூலிம் தாத்தா (இப்போது ஜெலுத்தோங்):

வீண் இல்லையம்மா. பத்துப் பத்தாகச் சேர்த்துத் தோட்டமே வாங்கியிருக்கிறோம்.

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுக்கொண்டிருந்தான். அன்று லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போகும். என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். 1960இல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் மாதம் பத்து வெள்ளி கேட்டார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அப்பா அந்தப் பங்குச் சான்றிதழைத் தகரப் பெட்டியில், என் பிறப்புச் சான்றிதழுக்கு மேலே வைத்திருந்தார். மேலே என்பதைக் கவனிக்கவும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பங்குச் சான்றிதழ் வேறு, வீட்டு கிராண்டு (உரிமைப் பத்திரம்) வேறு. தோட்டம் நம்முடையது என்ற பெருமையில் பலர் இதை மறந்துவிட்டார்கள். என் அப்பாவும் மறந்தார். வேலை ஓய்ந்த பிறகு அவர் என் வீட்டுக்குத்தான் வந்தார்.

உங்கள் பொருளாளர் கணக்கில் சுத்தமானவர் என்றால், அந்தச் சுத்தத்தைக் காகிதத்தில் ஏற்றச் சொல்லுங்கள். 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிந்தால் ஆண்டுக் கூட்டம், கணக்காய்வு எல்லாம் தானாக வரும். அவர் நாளைக்கே கண்ணை மூடினாலும் பணம் எங்கே என்று அவருடைய மனைவியைப் போய்க் கேட்க வேண்டியிருக்காது. நல்லவர்களுக்குத்தான் இது முக்கியம். திருடன் எப்படியும் பதியப் போவதில்லை.

---

ஓய்வுபெற்ற கடன் பிரிவு:

29 வருடம் வங்கியில் வீட்டுக்கடன் மனுக்களைப் புரட்டியவள் நான். தங்கச்சி, வீடு கட்டும் கதை அருமை. ஆனால் உன் நிலைமையில் முட்டுக்கட்டை செங்கல் இல்லை, காகிதம்.

முதலில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். என்ற கடன் அறிக்கையை எடு. இலவசம். கடந்த 12 மாதம் நீ எந்தக் கடனை எப்படிக் கட்டினாய் என்பது அதில் இருக்கும். கடன் சிக்கல் இருந்தால் ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை அமைப்புக்குப் போ; 2006 முதல் இலவசமாக ஆலோசனை சொல்கிறார்கள். அதற்குக் காசு கேட்டு யாராவது வந்தால் அவர் ஏ.கே.பி.கே. இல்லை.

உன் வீட்டுக்காரர் விஷயம். கையில் வாங்குகிற பணம் வங்கியின் கண்ணுக்குத் தெரியாது. நடைக் காசை வாங்கிய அன்றே அவருடைய கணக்கில் போடச் சொல். ஆறு மாதம், விடாமல். நூறு வெள்ளி செலவுக்கு எடுக்க வேண்டுமானாலும் முதலில் போட்டுவிட்டு எடுக்கட்டும். நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்காகவே எஸ்.ஜே.கே.பி. என்ற அரசாங்க உத்தரவாதத் திட்டம் இருக்கிறது; அங்கேயும் இந்த ஆறு மாதத் தடயத்தைத்தான் கேட்பார்கள்.

முன்பணம்: வங்கி பொதுவாக 90 விழுக்காடு தரும். மீதி 10, அதோடு வழக்கறிஞர் செலவு. உனக்கு 16 வருட ஊழியர் சேமநிதி இருக்கிறதே! அதில் அக்கவுன் செஜாத்ரா பகுதியை வீட்டுக்கு எடுக்கலாம். எவ்வளவு இருக்கிறது என்று என்றைக்காவது பார்த்தாயா? என்னிடம் வந்த பெண்களில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை.

கைமாறிய அடுக்குமாடி வீடு என்றால் பராமரிப்புக் கட்டணத்தில் எவ்வளவு பாக்கி, மின்தூக்கி ஓடுகிறதா என்று நேரில் போய்ப் பார். பராமரிப்புக் கட்டணத்தோடு பத்தில் ஒரு பங்கு சேமிப்பு நிதிக்கும் கட்ட வேண்டும் என்பது சட்டம். அதைக் கட்டாத கட்டடத்தில் பத்தாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாது. விலை மலிவாக இருக்கும், ஏன் என்று கேள்.

---

பிறைக்காரி:

ஞாயிறு கூட்டம் முடிந்தது. கோயில் அடுக்களையில் நடந்தது. நடுவில் யாரோ பாலைப் பொங்கவிட்டுவிட்டார்கள், அதைச் சகுனம் என்று ஒருவர் சொல்ல, அரை மணி நேரம் அதிலேயே போனது.

நான் தம்பியின் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். 40 வருடம் என்றதும் பின்வரிசை சிரித்துவிட்டது. பொருளாளர் அண்ணனுக்குக் கோபம்தான். ஆனால் அவரை உண்மையில் புண்படுத்தியது கணக்கு இல்லை. கார்ட்டர் தொடங்கவில்லை என்றது. "அப்படியா, தொண்டரா?" என்று இரண்டு முறை கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தொண்டராக இருந்துதான் அந்த வயதில் தையலோடு வந்தாரா?" என்றார்.

குலுக்கல் கைவிடப்பட்டது. இதுவரை கட்டிய ஏழு பேருக்கும் அங்கேயே எண்ணித் திருப்பிக் கொடுத்தார், கையெழுத்து வாங்கிக்கொண்டு. கூட்டுறவுச் சங்கமாகப் பதியலாமா என்று இரண்டு பேர் விசாரிக்கப் போகிறார்கள்; எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, அந்த இருவரும் பந்தலுக்கே தாமதமாக வருபவர்கள். கடன் அறிக்கை எடுக்கத் தெரியாதவர்களுக்குப் புதன்கிழமை இரவு என் மகள் கைப்பேசியில் எடுத்துக் கொடுக்கிறாள். பெரிய மனுஷிபோல "அடுத்தவர்" என்று கூப்பிடுகிறாள்.

என் சேமநிதியைப் பார்த்தேன். தொகையை இங்கே எழுதமாட்டேன். ஆனால் வீட்டுக்காரரை எழுப்பிக் காட்டினேன். அவர் மறுநாள் நடைக் காசை வாங்கி நேராக வங்கிக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார், மீன் வாங்க மறந்துவிட்டார்.

இன்னொன்று. எங்கள் வரிசைக்குப் பின்னால், சொந்த நிலத்தில் பலகை வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். மழை வந்தால் கட்டிலை நகர்த்திக்கொண்டே இருப்பார். பந்தல் தகரம் கோயில் கிடங்கில் சும்மாதானே கிடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அது மெல்லியது, நிற்காது, புதிது வாங்குவோம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. ஏணி மூன்று கிடைத்திருக்கிறது. ஆணியை வளைக்காமல் அடிக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

ஆயர் ஈத்தாம் அண்ணே, வர முடியுமா? மதியச் சாப்பாடு இலவசம்.