அக்னி நட்சத்திரத்தை எப்படித் தாண்டுகிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் இருக்கிறேன், வயது 38. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் இருப்பது தெரிந்து 6 வருடம் ஆகிறது. மார்கழி, தை மாதங்களில் ஓரளவு நன்றாகவே நடமாடுவேன். பங்குனி பிறந்தால்தான் வம்பு.

போன வாரம் மதியம் ரேஷன் கடை வரிசையில் 20 நிமிடம் நின்றேன். எதிரே இருந்த பலகையின் எழுத்து வலது கண்ணுக்குக் கலங்கிப்போனது. கால் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. எப்படியோ வீடு வந்து, ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே படுத்தேன். முக்கால் மணி நேரத்தில் பார்வை தெளிந்தது.

இது நோய் புதிதாகத் தாக்குவதல்ல, உத்தாஃப் விளைவு என்றார் டாக்டர். நரம்பின் மயலின் உறை ஏற்கெனவே சிதைந்த இடத்தில், உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே செய்தி போவது தடுமாறுமாம். 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உடனே வரச் சொல்லியிருக்கிறார். 1890இலேயே ஒரு ஜெர்மன் கண் மருத்துவர் எழுதிவைத்த விஷயம். எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் "வெயில் எல்லாருக்கும்தானே அடிக்குது" என்கிறார்கள்!

சரி, கேள்விக்கு வருகிறேன். ஏசி வாங்க இப்போது வசதியில்லை. ஐஸ் பை வைத்த கூலிங் வெஸ்ட் யாராவது போடுகிறீர்களா? பஸ்ஸில் போகும்போது எவ்வளவு நேரம் குளிர்ச்சி தாங்குகிறது? கனமாக இருக்குமா? அப்புறம், ஐப்பசி மழையில் எனக்குக் கெண்டைக்கால் இறுகி விறைத்துக்கொள்கிறது. அதற்கு என்ன செய்கிறீர்கள்? மருந்துப் பெயர்கள் வேண்டாம், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார். நீங்கள் செய்து பார்த்ததைச் சொன்னால் போதும்.