அமெரிக்காவில் காடு காக்கும் இயக்கம் உண்மையில் எங்கே தொடங்கியது?

பூவரசு, மயிலாப்பூர்:

எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் அமெரிக்க இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்தின் தொடக்கம் பற்றி நான் பேச வேண்டும். தேடிப் படித்ததில் பெரும்பாலும் ஒரே கதைதான் வருகிறது. 1903 மே மாதம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், இயற்கை எழுத்தாளர் ஜான் மியூரோடு கலிபோர்னியாவின் யோசெமிட்டி காட்டில் மூன்று இரவு தங்கினார், மனம் உருகினார், அதற்குப் பிறகு காடுகள் காப்பாற்றப்பட்டன என்று. எனக்கு இது ஒட்டவே இல்லை. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872-லேயே வந்துவிட்டது, மியூரின் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான சியரா கிளப் 1892-இல் வந்தது, அப்படியிருக்க 1903 எப்படித் தொடக்கமாகும்? இன்னொன்று, கோடிக்கணக்கில் இருந்த பைசன் எருதுகளைச் சுட்டுத் தள்ளி சில நூறாக ஆக்கியதும் இதே மக்கள், அதே காலம். வெட்டிக்கொண்டே இருந்த ஒரு சமூகத்துக்கு நிறுத்த வேண்டும் என்று எப்படித் தோன்றியது? அன்பா, பயமா, இல்லை வேறு கணக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை, அடையாறு:

என்னைக் கேட்டால் முதல் காரணம் பயம்தான், அதுவும் தண்ணீர் போய்விடுமோ என்ற பயம். ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் என்பவரிடமிருந்து தொடங்குங்கள். வெர்மான்ட் மாநிலத்துக்காரர். சொந்த ஊர் மலைகள் மொட்டையாவதையும், மழை பெய்தால் மண் அடித்துக்கொண்டு போவதையும் சின்ன வயதிலேயே பார்த்தவர். பிறகு தூதராகத் துருக்கியிலும் இத்தாலியிலும் இருந்தபோது மத்தியதரைக் கடலோரம் முழுக்கச் சுற்றி, ஒரு காலத்தில் செழிப்பாக இருந்த நிலங்கள் காடு போனதும் கட்டாந்தரையானதைக் கண்டார். 1864-இல் அவர் வெளியிட்ட 'மனிதனும் இயற்கையும்' என்ற புத்தகம் சொல்வது இதுதான்: காட்டை அழித்தால் ஊற்று வற்றும், வெள்ளம் பெருகும், நாகரிகமே சரியும். ரோமுக்கு நடந்தது நமக்கும் நடக்கும் என்று ஒரு இளம் நாட்டைப் பார்த்து அவர் சொன்னார்.

அது வெறும் ஏட்டுப் பேச்சாக நிற்கவில்லை. நியூயார்க் மாநிலம் 1885-இல் அடிரோண்டாக் மலைக்காடுகளைப் பாதுகாத்தது, 1894-இல் அந்தக் காடு என்றைக்கும் காடாகவே இருக்க வேண்டும் என்று தன் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்தது. அங்கே காடு போனால் ஹட்சன் ஆற்றிலும் ஈரி கால்வாயிலும் தண்ணீர் குறையும், சரக்குப் படகுகள் நின்றுபோகும் என்பது பெரிய கவலை. யெல்லோஸ்டோனிலும் நெகிழ்ச்சி மட்டும் இல்லை, ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த நார்தர்ன் பசிபிக் கம்பெனிக்குச் சுற்றுலாப் பயணிகள் தேவைப்பட்டார்கள். இதனால் அந்தப் பூங்காவின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் உங்கள் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

கிண்டி பழைய வனத்துறை:

பூவரசு அம்மா, நான் வனத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மார்ஷ் பற்றி மேலே சொன்னது சரி. அதே 1864-ஆம் ஆண்டில் இன்னும் இரண்டு நடந்தன. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே லிங்கன் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைக் கலிபோர்னியா மாநிலத்திடம் பொதுமக்களுக்காக ஒப்படைத்தார். இங்கே இந்தியாவில் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியானார். இந்த பிராண்டிஸை விட்டுவிட்டு அமெரிக்கக் கதையைச் சொல்லவே முடியாது என்பது என் கருத்து.

ஏன் என்றால், அமெரிக்க வனத்துறையின் முதல் தலைவர் கிஃபர்ட் பின்ஷோ காடு வளர்ப்புப் படிக்க 1889-இல் ஐரோப்பாவுக்குப் போனார், பிரான்சில் நான்சி நகரப் பள்ளியில் படித்தார். அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர், ஓய்வு பெற்று ஜெர்மனியின் பான் நகரத்தில் இருந்த இந்த பிராண்டிஸ். பர்மாவின் தேக்குக் காடுகளிலும் நம் நாட்டிலும் பெரிய நிலப்பரப்பை அரசு கையில் வைத்து, அளந்து, எத்தனை மரம் வெட்டலாம் எத்தனை விட வேண்டும் என்று கணக்குப் போட்டு நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. ஜெர்மனியில் எல்லாம் பல தலைமுறையாகப் பராமரித்த காடு, அது அமெரிக்காவுக்குப் பொருந்தாது. பரந்த நாடு, கைக்கு அடங்காத காடு, சட்டத்தை மதிக்காத வெட்டு, இதையெல்லாம் சமாளித்த ஆள் பிராண்டிஸ்தான். பின்ஷோவுக்கு அடுத்து தலைவரான ஹென்றி கிரேவ்ஸும் அவரிடம் படித்தவர்.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் நம் ஊரே வந்துவிடும். ஹியூ கிளெகார்ன் 1820-இல் மதராசில் பிறந்தவர், மருத்துவர், மதராஸ் மருத்துவக் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார், மதராஸ் தோட்டக்கலைச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தார். வெப்ப நாடுகளில் காடு அழிவதால் வரும் கேடுகளைப் பற்றி 1850-களின் தொடக்கத்திலேயே அறிக்கை கொடுத்தார், அதாவது மார்ஷ் புத்தகத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் முன்னால். 1856-இல் மதராஸ் மாகாணத்தின் வனக் காப்பாளரானார். ரயில் தண்டவாளத்துக்குக் கட்டை கேட்டு நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு விஷயம் முக்கியம். 1878-இல் இந்திய வனச் சட்டம் வந்தபோது மதராஸ் அரசு அதை ஏற்கவில்லை. காட்டில் கிராமத்து ஜனங்களுக்கு உரிமை இருக்கிறது, அதைப் பறிக்க முடியாது என்று இங்கிருந்த வருவாய் வாரியம் எதிர்த்தது. பிறகு பிராண்டிஸே இங்கே வந்து, 1882-இல் மதராசுக்குத் தனிச் சட்டம் வந்தது. காடு யாருடையது என்ற அந்தச் சண்டையை அமெரிக்காக்காரர்கள் ஆரம்பத்தில் போடவே இல்லை. போட்டிருக்க வேண்டும்.

போரூர் ஏரி:

மியூருக்கும் பின்ஷோவுக்கும் நடந்த சண்டையைச் சொல்லாமல் விட்டீர்களே. ஹெட்ச் ஹெட்சி. யோசெமிட்டி பூங்காவுக்குள்ளேயே இருந்த இன்னொரு பள்ளத்தாக்கு அது. 1906 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ எரிந்தபோது அணைக்கத் தண்ணீர் இல்லை, அதற்குப் பிறகு அங்கே அணை கட்டியே ஆக வேண்டும் என்று நகரம் பிடிவாதமாக நின்றது. பின்ஷோ ஆதரித்தார், ஏனென்றால் இயற்கை வளம் அதிகமான மக்களுக்கு நீண்ட காலம் பயன்பட வேண்டும் என்பதுதான் அவர் கொள்கை. மியூர் உயிரைக் கொடுத்து எதிர்த்தார். 1913-இல் காங்கிரஸ் அனுமதி கொடுத்தது, அடுத்த வருடம் மியூர் இறந்துபோனார். 1923-இல் அணை எழுந்தது, இன்றும் அந்த நகரம் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

பலரும் மியூரை நல்லவராகவும் பின்ஷோவைத் துரோகியாகவும் எழுதுகிறார்கள். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்காக நின்ற நமக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றாது. நான் பின்ஷோ பக்கம் என்று சொல்லவில்லை, வேறு இடத்திலிருந்து தண்ணீர் எடுக்க வழி இருந்தது என்று மியூர் திரும்பத் திரும்பச் சொன்னார், அதை நகரம் காதில் வாங்கவில்லை. ஆனால் தோற்றதால் ஒன்று நடந்தது. பூங்கா என்று அறிவித்தால் மட்டும் போதாது, காக்க ஒரு அமைப்பு வேண்டும் என்று நாடு முழுக்க உறைத்து, 1916-இல் தேசியப் பூங்காத் துறை உருவானது.

பூவரசு, மயிலாப்பூர்:

ஐயா, கிளெகார்ன் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது, மிகவும் நன்றி. அப்படியானால் ரூஸ்வெல்ட்டின் பங்கு சும்மா பெயருக்குத்தானா?

கிண்டி பழைய வனத்துறை:

இல்லவே இல்லை அம்மா. அவர் காலத்தில் சுமார் 23 கோடி ஏக்கர் காப்புக்குள் வந்தது. 1907-இல் மேற்கு மாநிலங்கள் ஆறில் புதிதாகக் காடுகளை ஒதுக்க ஜனாதிபதிக்கு அதிகாரம் கிடையாது என்று காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. கையெழுத்துப் போடும் கெடுவுக்குள் அவரும் பின்ஷோவும் வரைபடங்களை விரித்து வைத்து உட்கார்ந்து 1 கோடியே 60 லட்சம் ஏக்கரை ஒதுக்கிவிட்டு, அதற்கு அப்புறம்தான் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். யோசெமிட்டி இரவுகளை விட இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

தேன்கூடு, பெரம்பூர்:

எல்லோரும் காட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், காட்டில் இருந்தவர்களைப் பற்றி ஒரு வரிதான் வந்திருக்கிறது. யோசெமிட்டியில் அவாநீச்சி மக்கள் வாழ்ந்தார்கள். 1851-இல் மாரிபோசா படை என்ற ஆயுதக் கூட்டம் உள்ளே புகுந்து வீடுகளையும், குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த ஓக் கொட்டைகளையும் கொளுத்தியது. பிறகு வந்தவர்கள் மனிதக் கை படாத இயற்கை என்று வியந்த புல்வெளியும் ஓக் தோப்பும் அந்த மக்கள் காலாகாலமாகச் சிறு தீ வைத்துப் பேணிய நிலம். அந்த வழக்கத்தை நிறுத்தியதும் ஊசியிலை மரங்கள் நெருங்கி வளர்ந்து புல்வெளி சுருங்கியது. மிஞ்சியிருந்த குடும்பங்களின் கடைசிக் குடிசைகள் 1969 வாக்கில் இடிக்கப்பட்டன. மியூர் அந்த மக்களைப் பற்றி எழுதியவை படிக்கச் சங்கடமானவை. சியரா கிளப்பே 2020-இல் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

நம் நாட்டில் காட்டில் வாழ்பவர்களின் உரிமைக்கு 2006 வரை தனிச் சட்டம் இல்லை. அந்த மாதிரிப் பூங்காவைத்தான் நாமும் எடுத்துக்கொண்டோம், மனிதரை வெளியேற்றினால் காடு பிழைக்கும் என்ற நினைப்போடு. உங்கள் பேச்சில் கால்வாசி நேரமாவது இதற்குக் கொடுங்கள் அக்கா.

கடற்காகம், திருவான்மியூர்:

பெண்களை மறந்துவிட்டீர்கள். பெண்களின் தொப்பியில் இறகு வைப்பதற்காகக் கொக்குகளைக் கொன்று குவித்த காலத்தில், பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இருவர் வசதியான வீட்டுப் பெண்களைத் தேநீருக்கு அழைத்துப் பேசிப் பேசியே 1896-இல் மாசசூசெட்ஸ் ஆடுபான் சங்கம் என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நான்கே வருடத்தில், சட்டத்தை மீறிக் கொன்ற பறவை, விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்கத் தடை போட்ட லேசி சட்டம், 1903-இல் பெலிகன் தீவுப் பறவைக் காப்பகம். ஓட்டுரிமையே இல்லாதவர்கள் செய்த வேலை இது. இதோடு வேடந்தாங்கலையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே கிராமத்தார் கேட்டு 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பூவரசு, மயிலாப்பூர்:

1864-இல் தொடங்கி, மார்ஷ் புத்தகம், யோசெமிட்டி, நம் நாட்டு வனத்துறை மூன்றையும் ஒன்றாகச் சொல்லப் போகிறேன். அவாநீச்சி மக்களுக்குக் கால்வாசி நேரம் நிச்சயம் உண்டு. கிண்டி ஐயா, 1882 சட்டத்துக்கு முன் மதராஸ் வருவாய் வாரியம் எதிர்த்ததைப் பற்றி நீங்களே வந்து பத்து நிமிடம் பேச முடியுமா? ஞாயிறு காலைதான் கூட்டம்.

கிண்டி பழைய வனத்துறை:

வருகிறேன் அம்மா. தேதியும் நேரமும் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.