பரோக் கால (17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய) நிலக்காட்சி ஓவியங்களில் குழலும் யாழும் எதற்கு?

தொடுவானம்:
17ஆம் நூற்றாண்டு ரோமில் வெறும் மரமும் ஆறும் வரைந்தால் மதிப்புக் குறைவு. புராணக் கதை ஓவியம்தான் உசத்தி. அதனால்தான் மூலையில் இசைக் கடவுளான ஒரு அப்போலோவை உட்கார வைத்து, கையில் வாத்தியத்தையும் கொடுத்துவிட்டார்கள். நிலக்காட்சிக்கே பேர்போன ஓவியர் கிளாட் லொரேனே 'நான் விற்பது நிலக்காட்சி, மனிதர்கள் இலவசம்' என்று வேடிக்கையாகச் சொல்வாராம். அவர் வாழ்க்கையை எழுதிய பால்டினுச்சி எழுதி வைத்திருக்கிறார். நாம் எதற்கு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

கரிக்கோல்:
கிளாடை வைத்து எல்லோருக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள் நண்பரே. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் அதே கால ஓவியர் பூசானின் 'ஓர்ஃபியஸும் யூரிடிஸும்' இருக்கிறதே. வலப்பக்கம் புராணப் பாடகன் ஓர்ஃபியஸ் முகத்தை மேலே தூக்கி யாழ் மீட்டுகிறான். எதிரே இருப்பவர்கள் சொக்கிப்போயிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி அவன் மனைவி யூரிடிஸ் பாம்பைக் கண்டு பதறுகிறாள். மீன் பிடிப்பவன் ஒருவன்தான் திரும்பிப் பார்க்கிறான். புருஷனுக்குக் கேட்கவில்லை, அவன் பாட்டே அவன் காதை அடைத்துவிட்டது. பின்னால் கோட்டையில் புகை வேறு. யாழை எடுத்துவிட்டால் இந்தக் கொடுமை ஏது?

தொடுவானம்:
சரி, ஆனால் பூசான் கதை ஓவியராகவே வளர்ந்தவர். நிலக்காட்சிக்கு வந்ததே பிற்பாடு. அவரைச் சாட்சிக்கு அழைப்பது உங்களுக்கு வசதி.

கரிக்கோல்:
வசதிதான், இன்னொன்றும் தருகிறேன். ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ள, பூசானின் 1649ஆம் ஆண்டு 'பாலிஃபீமஸ்'. அந்த ஒற்றைக்கண் அரக்கன் மலையுச்சியில் நமக்கு முதுகு காட்டிக் குழல் ஊதுகிறான். உடம்பு எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்றே புரியாது. கீழே ஒருவன் அதைக் கண்டுகொள்ளாமல் உழுதுகொண்டிருக்கிறான். இங்கே வாசிப்பது மலையேதான். மூலையில் ஒட்டவைத்த உருவமா இது?

மழைக்குருவி:
இடையில் ஒரு வார்த்தை. கிளாடிடமும் அப்படி ஒரு படம் இருக்கிறது. ரோமில் டோரியா பாம்ஃபிலி மாளிகையில் உள்ள படத்தில், அட்மீட்டஸ் என்ற அரசனின் மாடுகளைக் காக்கவேண்டிய அப்போலோ வயலின் மாதிரி ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்து இன்னொரு கடவுளான மெர்க்குரி மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறான். வாசிப்பு இல்லையென்றால் திருட்டே நடக்காது.

தொடுவானம்:
அது கதையில். படத்துக்கு முன்னால் நிற்பவரின் கண் நேரே தூரத்து வெளிச்சத்துக்குத்தான் போகும். மெர்க்குரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கரிக்கோல்:
அப்போலோவும் அப்படித்தானே மாடுகளைக் கோட்டைவிட்டான்?